கார்கசோனில் டூர் டி பிரான்ஸ்: முதன்முறை போகிறவர்களுக்கு

டிவியில் நான்கைந்து மணி நேரம் ஓடும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், சாலையோரம் நிற்பவருக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சமதளச் சாலையில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஒரு கூட்டம் சர்ரென்று கடந்துபோகும். முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி யாரிடம் என்று கண் தேடி முடிப்பதற்குள் கடைசி ஆள் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். இதற்காக மட்டும் விமானம் ஏறுவது கட்டுப்படியாகாது. ஆகவே முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். பந்தயம் அந்த ஊருக்கு வரும் வாரத்தில் போய்ச் சேருங்கள். பந்தயம் இல்லாவிட்டாலும் மூன்று நாள் தங்கலாம் என்று தோன்றுகிற ஊராக இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகப் பொருத்தமான ஊர், தென் பிரான்ஸில் துலூஸுக்கும் நர்போனுக்கும் நடுவில் இருக்கும் கார்கசோன். தெற்கே பிரெனீஸ் மலைத்தொடர், வடக்கே கறுப்பு மலை, கிழக்கே மத்தியதரைக் கடல். கடற்கரைச் சமவெளியிலிருந்து பிரெனீஸுக்குப் போகிற பந்தயத்துக்கு வழியில் கால் ஊன்ற ஓர் ஊர் வேண்டும். அது பல முறை கார்கசோனாக அமைந்துவிடுகிறது. 2014, 2016, 2018, 2021, 2022, 2025 என்று டூர் இங்கே வந்திருக்கிறது. 2021இல் மார்க் கேவண்டிஷ் தன் 34ஆவது ஸ்டேஜ் வெற்றியைப் பெற்று எடி மெர்க்ஸின் சாதனையைச் சமன் செய்தது இந்த ஊரில்தான். (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ், மொத்தம் 21.) எனக்குப் பிடித்த கதை இன்னும் பழையது. 1947இல் ஆல்பெர் பூர்லோன் என்பவர் கார்கசோனிலிருந்து கிளம்பிய உடனேயே கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். லூஷோன் வரை 253 கிலோமீட்டர் ஒற்றை ஆளாக மிதித்து அன்றைய ஸ்டேஜை வென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டூரில் அதைவிட நீண்ட தனி ஓட்டம் கிடையாது.

முதல் வேலை: தேதி

அடுத்த ஆண்டு டூரின் முழுப் பாதையையும் அக்டோபர் மாதம் பாரிஸில் அறிவிப்பார்கள். அன்றைக்கே வரைபடத்தைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஸ்டேஜ் இங்கே முடிகிறதா, இங்கிருந்து தொடங்குகிறதா, இரண்டுமா? சில ஆண்டுகளில் ஒன்றுதான் நடக்கும். 2025இல் முயூரேயிலிருந்து வந்த ஸ்டேஜ் இங்கே முடிந்தது, டிம் வெல்லன்ஸ் தனியாக வந்து வென்றார். அடுத்த ஸ்டேஜ் மொன்பெலியேயிலிருந்து கிளம்பியது. 2018, 2022 ஆண்டுகளில் ஒரு நாள் இங்கே முடிந்து, அடுத்த நாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் இங்கிருந்தே தொடக்கம். இப்படி அமைகிற ஆண்டு உங்களுக்கு வாய்த்தால் விடாதீர்கள். ஓய்வு நாளில் வீரர்கள் சும்மா படுத்திருப்பதில்லை. கால் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்றிரண்டு மணி நேரம் மிதமாக ஓட்டப் போவார்கள். சுற்றுவட்டாரச் சாலைகளில் எந்த வேலியும் இல்லாமல் அவர்கள் உங்களைக் கடந்துபோக வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, ஜூலை 14க்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பது. பிரான்ஸின் தேசிய தினமான அன்றிரவு கார்கசோன் கோட்டை மீது வாணவேடிக்கை விடுவார்கள். 1898இல் தொடங்கிய வழக்கம். நாட்டின் பெரிய வாணவேடிக்கைகளில் ஒன்று என்பதால் அன்றைக்கு ஊர் கொள்ளாத கூட்டம். பந்தயமும் அதை ஒட்டி வந்தால் இரண்டையும் பார்க்கலாம்தான். ஆனால் அறை வாடகை எகிறிவிடும்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். கோடையில் விசா நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அறை: மேலே அல்ல, கீழே

கார்கசோன் என்பது இரண்டு ஊர். ஓத் ஆற்றின் கிழக்குக் கரையில் குன்றின் மேல் இருப்பது சிதே எனப்படும் கோட்டைநகரம். படங்களில் வருவது அதுதான். மேற்குக் கரையில் சமதளத்தில் இருப்பது பாஸ்தீத் சேன் லூயி என்னும் கீழ்நகரம். மக்கள் வாழ்வது, கடைகண்ணி, ரயில் நிலையம், சந்தை எல்லாம் கீழே. இரண்டுக்கும் நடுவே இருபது நிமிட நடை.

கோட்டைக்குள் தங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே இருக்கும் சில ஓட்டல்கள் விலை அதிகம், கார் உள்ளே விடமாட்டார்கள், உருளைக்கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பந்தய நாளில் இந்தக் கஷ்டம் இரட்டிப்பாகும். நான் சொல்வது கீழ்நகரம். ரயில் நிலையத்துக்கும் பிளாஸ் கார்னோ சதுக்கத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஓர் அறை எடுங்கள். மாலை வெயில் தாழ்ந்ததும் பாலம் தாண்டிக் கோட்டைக்கு நடந்து போய்விட்டுத் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை. டூர் வருகிறதென்றால் அணிகள், ஊழியர்கள், பத்திரிகைக்காரர்கள், விளம்பர வண்டிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறை தேவைப்படும். அவர்களுக்குப் போக மீதிதான் நமக்கு. பாதை அறிவித்த வாரத்திலேயே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். விசா வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. எல்லாம் தீர்ந்துபோனால் நர்போனிலோ துலூஸிலோ தங்கி ரயிலில் வந்துபோகலாம்.

வந்து சேர்வது

ரயில்தான். துலூஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், நர்போனிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். பாரிஸிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் வழியில் ஒருமுறை மாறி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருக்கும். பார்சிலோனாவிலிருந்து என்றால் நர்போனில் மாறுவது எளிது. தொலைதூர அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. துலூஸ்–கார்கசோன் போன்ற வட்டார ரயிலுக்கு அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். பாரிஸில் ரயில் மாறுகிறவர்களுக்கு லா ஷப்பல் பக்கம் போக நேரமிருந்தால், ஈழத்தமிழர் கடைகளில் முறுக்கும் மிக்சரும் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். சாலையோரம் நான்கு மணி நேரம் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

கார் வாடகைக்கு எடுப்பதைப் பந்தய நாளுக்கு மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். பாதையில் இருக்கும் சாலைகளை விளம்பர ஊர்வலம் வருவதற்கு வெகு நேரம் முன்பே மூடிவிடுவார்கள். வீரர்களுக்குப் பின்னால் வரும் கடைசி வண்டி போகும் வரை திறக்க மாட்டார்கள். எந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நகராட்சி சில நாள் முன்பே வெளியிடும். காரை மூடும் எல்லைக்குள் நிறுத்திவிட்டால் இரவு வரை எடுக்க முடியாது. சில தெருக்களில் முதல் நாளே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கோட்டையை எப்படிப் பார்ப்பது

பந்தயத்துக்கு முந்தைய நாளை இதற்கு ஒதுக்குங்கள். பந்தய நாளிலும் கோட்டை அங்கேயேதான் இருக்கும் என்று தள்ளிப்போட்டால், இறுதிக்கோட்டில் இடம் பிடிப்பதா மதில் ஏறுவதா என்று இரண்டும் கெட்டானாகிவிடும்.

கோட்டைநகரத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, இரவிலும் திறந்தே இருக்கும். உள்ளே இருக்கும் பிரபுவின் அரண்மனைக்கும், மதில் மேல் நடப்பதற்கும் மட்டும் சீட்டு வாங்க வேண்டும். ஜூலையில் அதை இணையத்தில் வாங்கிவிட்டு, காலை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கும்.

பெரும்பாலான வழிகாட்டிகள் கிழக்கு வாசலான நர்போன் வாசல் வழியாக அழைத்துப் போவார்கள். கார் நிறுத்தும் இடம் அந்தப் பக்கம் என்பதுதான் காரணம். நீங்கள் கீழ்நகரத்திலிருந்து நடந்து வருவதால் மேற்கு வாசலான ஓத் வாசல் வழியாக ஏறுங்கள். முதலில் பழைய பாலம். 14ஆம் நூற்றாண்டில் கட்டியது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதற்கு முன் பக்கத்துப் புதிய பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய பாலத்தின் வளைவுகளும் மேலே கோட்டையும் ஒரே படத்தில் விழுவது அங்கிருந்துதான். பாலம் தாண்டி, சேன் ஜிமேர் தேவாலயத்தின் பக்கத்திலிருந்து மேலே போகும் பாதை வளைந்து வளைந்து மதிலுக்கு அடியில் கொண்டுபோய் விடும். வாசல் எங்கே என்று தெரியாதபடி எதிரியைத் திரும்பத் திரும்பச் சுவரில் முட்டவைக்கக் கட்டிய வழி. மூச்சு வாங்கும், ஆனால் இது கோட்டை என்பது இந்தப் பக்கம் ஏறினால்தான் உறைக்கும்.

உள்ளே போனதும் கடைத்தெருவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் வாளும் கேடயமும் விற்கிற கடைகள் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். இந்த ஊரின் சாரம் மதில்களுக்கு நடுவில் இருக்கிறது. கார்கசோனுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள், மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர் நீளம், 52 கோபுரங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட அகலமான பாதையில் காசு கொடுக்காமல் முழுச்சுற்றும் நடக்கலாம். நர்போன் வாசலிலிருந்து வடக்குப் பக்கமாகத் திரும்புங்கள். உள்மதிலின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள்: சிறிய கற்களை அடுக்கி, இடையிடையே சிவப்புச் செங்கல் வரிசையைப் பட்டையாக ஓடவிட்டிருப்பார்கள். அது ரோமானியர் காலத்து வேலை, ஏறக்குறைய 1,700 ஆண்டுப் பழசு. குதிரை லாட வடிவத்தில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கோபுரங்களும் அந்தக் காலத்தவை. அதன் மேலேயே இடைக்காலத்துப் பெரிய கற்களை ஏற்றியிருக்கிறார்கள். வெளிமதில் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்கள் கட்டியது. கையை வைத்தே நூற்றாண்டு மாறும் இடத்தைத் தடவிப் பார்க்கலாம்.

அரசர்கள் ஏன் இரண்டாவது மதில் கட்டினார்கள் என்றால், இந்த ஊரை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான். 12ஆம் நூற்றாண்டில் இது த்ரான்கவேல் குடும்பத்தின் ஊர். கத்தார் என்னும், திருச்சபை ஏற்காத கிறித்தவப் பிரிவினரை இந்த வட்டாரப் பிரபுக்கள் ஒடுக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். 1209இல் கத்தார்களை ஒழிக்கக் கிளம்பிய சிலுவைப்படை, ஆகஸ்ட் வெயிலில் கார்கசோனைச் சூழ்ந்துகொண்டது. மதில் உடையவில்லை, தண்ணீர் தீர்ந்தது. பதினைந்து நாளில் ஊர் பணிந்தது. இளம் பிரபு ரெமோன் ரொஜே த்ரான்கவேல் சிறையிலேயே நவம்பரில் இறந்தார். பிறகு 1240இல் அவர் மகன் ஊரை மீட்க முயன்று தோற்றபோது, அவருக்கு உதவிய புறநகர் மக்களை அரசர் துரத்திவிட்டார். சில ஆண்டு கழித்து ஆற்றின் மறுகரையில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நீங்கள் அறை எடுத்திருக்கும் கீழ்நகரம் அப்படிப் பிறந்ததுதான். அளவெடுத்துக் கோடு போட்டதுபோல் நேர்த்தெருக்கள் அமைந்திருப்பதற்கும் அதுவே காரணம். ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டிய ஊர்.

1659இல் ஸ்பெயினுடனான எல்லை தெற்கே நகர்ந்துபோனதும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மதில் கற்களைப் பெயர்த்து விற்கும் நிலை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசாங்கமே இடித்துவிடலாம் என்று முடிவு செய்தபோது, உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குரோ மேர்வியேய் உள்ளிட்டவர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அப்புறம் 1850களில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துய்க் தலைமையில் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. கூம்பு வடிவச் சாம்பல் நிறக் கூரைகள் அவர் போட்டவை. இவ்வளவு செங்குத்தான பலகைக்கல் கூரை பனி கொட்டும் வடக்குக்குத்தான் பொருந்தும், தெற்கில் தட்டையான ஓட்டுக் கூரைதான் இருந்திருக்கும் என்று அன்றிலிருந்தே சண்டை. ரோமானியக் கோபுரங்கள் சிலவற்றில் சிவப்பு ஓடு இருப்பதைப் பார்த்து நீங்களே ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளலாம். என் கட்சி சிவப்பு ஓடு. ஆனால் அந்தக் கூம்புகள் இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் கேமரா இந்த ஊர் மேல் இவ்வளவு நேரம் சுற்றுமா என்பதும் சந்தேகம். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சேன் நசேர் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள், நுழைவு இலவசம். வாசலுக்கு அருகே உள்ள பகுதி தடித்த தூண்களோடு இருட்டாக இருக்கும். பலிபீடத்தை நெருங்க நெருங்கச் சுவரே மறைந்து முழுக்க வண்ணக் கண்ணாடியாகிவிடும். முன்பகுதியைவிடப் பின்பகுதி ஏறக்குறைய இருநூறு ஆண்டு இளையது. வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில் உட்கார இதைவிடக் குளிர்ச்சியான இடம் ஊரில் இல்லை.

சரி, நர்போன் வாசலுக்கு வெளியே ஒரு பெண்ணின் மார்பளவு சிலை இருக்கும். கர்க்காஸ் சீமாட்டி. பிராங்கியப் பேரரசர் சார்லமேன் படையோடு ஐந்தாண்டு முற்றுகையிட்டபோது, மிச்சமிருந்த கோதுமையை ஒரு பன்றிக்கு ஊட்டி மதிலுக்கு வெளியே எறிந்தாளாம். பன்றிக்கே கோதுமை போடுகிறார்கள் என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று அவர் முற்றுகையை விலக்கிக்கொண்டாராம். சார்லமேன் இங்கே முற்றுகையே போடவில்லை. கதை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பந்தய நாள்

டூரின் இணையதளத்தில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு நேர அட்டவணை போடுவார்கள். வழியிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் சந்திப்புக்கும் நேரே, விளம்பர ஊர்வலம் வரும் நேரம் ஒன்றும், வீரர்கள் வரும் நேரம் மூன்றும் இருக்கும். மெதுவாக ஓட்டினால், நடுத்தரமாக ஓட்டினால், வேகமாக ஓட்டினால் என்று மூன்று கணக்கு. வேகமான கணக்கை நம்பி அதற்கும் அரை மணி நேரம் முன்பே தயாராக இருங்கள். இந்த ஒரு தாளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டால் நாள் முழுவதும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இறுதிக்கோடு பெரும்பாலும் கீழ்நகரின் அகலமான சாலையில் இருக்கும். கடைசிக் கிலோமீட்டரின் தொடக்கத்தில் சாலைக்கு மேலே சிவப்புக் கொடி தொங்கும். அங்கிருந்து இருபுறமும் தடுப்பு வேலி. கோட்டுக்கு அருகே வேலியோரம் நிற்க வேண்டுமானால் காலை பத்து, பதினொரு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தை விட்டுக் கழிப்பறைக்குப் போனால் திரும்பக் கிடைக்காது. பெரிய திரை இருக்கும், அதில் பந்தயத்தைப் பார்க்கலாம். ஆனால் ஜூலை வெயிலில் ஆறு மணி நேரம் நின்று, கடைசியில் யாரோ நீட்டிய போனின் இடுக்கில் பார்ப்பதை எத்தனை பேர் ரசிப்பார்கள் என்று தெரியவில்லை. ஊருக்கு வெளியே மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்து, மரநிழலோடு ஒரு திருப்பமோ சிறு ஏற்றமோ இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்வதே முதல்முறை வருபவருக்கு நல்லது. திருப்பத்தில் வேகம் குறையும்; ஒரு பத்து முகமாவது தெளிவாகத் தெரியும்.

வீரர்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் கேரவன் எனப்படும் விளம்பர ஊர்வலம் வரும். 1930இல் பந்தயத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கிய பழக்கம். ராட்சதக் கோழி, சைக்கிள், பாட்டில் வடிவ வண்டிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். தொப்பி, மிட்டாய், சாவிக்கொத்து, சலவைத்தூள் பொட்டலம் எதையாவது எறிந்துகொண்டே இருப்பார்கள். கண்ணியமான பெரியவர்கள் ஒரு துணித் தொப்பிக்காகப் புல்லில் விழுந்து புரளுவதைப் பார்க்கலாம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: சாலையில் விழுந்த மிட்டாயை அடுத்த வண்டி வருமுன் எடுக்க ஓடுவதில்தான் விபத்து. சிறிய உப்பிட்ட இறைச்சித் துண்டுப் பொட்டலங்களும் எறிவார்கள், அவை பன்றியிறைச்சி. சாப்பிடாதவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்தால் உடனே நட்பாகிவிடுவார்.

கேரவன் போனபின் ஒரு நீண்ட இடைவெளி. அப்போதுதான் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டும். முதலில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். பிறகு காவல்துறை மோட்டார் சைக்கிள்கள், இயக்குநரின் சிவப்புக் கார், முன்னால் தப்பி வரும் சிலர், அப்புறம் மொத்தக் கூட்டம். கூட்டம் வரும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும், சங்கிலிகளின் இரைச்சல் தனியாகக் கேட்கும். மஞ்சள் ஜெர்சி மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவர், பச்சை புள்ளிக் கணக்கில், சிவப்புப் பொட்டு போட்ட வெள்ளை மலையேற்றத்தில், வெறும் வெள்ளை இளையவர்களில். கடைசியாக, கூரையில் சைக்கிள் அடுக்கிய அணிக் கார்கள் வரிசையாகப் போகும். உடனே கலைந்துவிடாதீர்கள். பின்தங்கியவர்கள் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சிறு சிறு குழுவாக வருவார்கள். மெதுவாக வருவதால் இவர்களைத்தான் நன்றாகப் பார்க்க முடியும். கைதட்டினால் சிலர் தலையசைப்பார்கள். காலித் தண்ணீர் பாட்டில் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசி வண்டி போன பிறகு.

இதில் ஒன்றே ஒன்று கட்டாயம். போன் திரையைப் பார்த்தபடி சாலைக்குள் கையை நீட்டாதீர்கள். திரையில் தூரமாகத் தெரிகிற வீரர் உண்மையில் ஒரு முழம் தள்ளி இருப்பார். 2021 டூரின் முதல் நாள், டிவி கேமராவைப் பார்த்து ஓர் அட்டையைச் சாலைக்குள் நீட்டிய ஒருவரால் பாதிக் கூட்டம் குப்புற விழுந்தது. நீதிமன்றம் அவருக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது.

இந்தப் பகுதியின் காற்றையும் கவனியுங்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் சேர்ஸ் என்னும் வறண்ட காற்றும், கடலிலிருந்து வரும் மரீன் என்னும் ஈரக்காற்றும் மாறி மாறி ஆளும். பக்கவாட்டில் பலமாக அடித்தால் கூட்டம் துண்டு துண்டாக உடையும். 2016இல் கார்கசோனிலிருந்து மொன்பெலியே போன ஸ்டேஜில், காற்று கிழித்த அந்த வெளியில் மஞ்சள் ஜெர்சியிலிருந்த கிறிஸ் ஃப்ரூமும் பீட்டர் சாகனும் கடைசிக் கிலோமீட்டர்களில் தப்பிப் போனார்கள், வென்றது சாகன். காலையில் மரக்கிளைகள் ஆடுவதைப் பார்த்தாலே பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுத் தாத்தாக்கள் உற்சாகமாகிவிடுவார்கள்.

தொடக்கம்தான் கொண்டாட்டம்

முடிவா தொடக்கமா, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் தொடக்கத்தைச் சொல்வேன். முடிவில் எல்லோருக்கும் அவசரம். வீரர்கள் கோடு தாண்டியதும் பேருந்தில் ஏறிக் குளித்து, சாப்பிட்டுப் போய்விடுவார்கள். காலையில் அவர்களே மெதுவாக இருப்பார்கள். கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அணிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். மெக்கானிக்குகள் சைக்கிளை வெளியே எடுத்துச் சக்கரத்தில் காற்று சரிபார்ப்பார்கள், சங்கிலியைத் துடைப்பார்கள், தண்ணீர் பாட்டில்களைச் செருகுவார்கள். எந்த அளவு நெருங்கலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்; வேலிக்கு வெளியே நின்றாலும் முகம் பார்க்கும் தூரம்தான். பிறகு அணி அணியாக, வருகைப் பதிவுக்கான கையெழுத்து மேடைக்குப் போவார்கள். மேடைக்கும் பேருந்துக்கும் இடையிலுள்ள வழியோரத்தில் நில்லுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் பேனாவும் தொப்பியும் தயாராக வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது கேளுங்கள், போகும்போது நிற்கமாட்டார்கள். விருந்தினர் வளாகத்துக்கு அழைப்பு வேண்டும், அதற்கு முண்டியடிக்க வேண்டாம்.

கிளம்பியதும் உடனே பந்தயம் தொடங்காது. ஊருக்குள் சில கிலோமீட்டர் சிவப்புக் காருக்குப் பின்னால் மெதுவாக ஊர்வலம்போல ஓட்டுவார்கள். ஊரைத் தாண்டியதும் இயக்குநர் காரின் மேல் திறப்பிலிருந்து கொடியை அசைத்தால்தான் உண்மையான பந்தயம். அந்த மெதுவான பகுதியில் நின்றால் மொத்தப் பேரையும் பேசிச் சிரித்துக்கொண்டு போகிற கோலத்தில் பார்க்கலாம்.

வெயில், சாப்பாடு, கால்வாய்

2022இல் ரோதேவிலிருந்து கார்கசோன் வந்த நாளில் வெயில் 40 டிகிரியை நெருங்கியது. தார் உருகாமல் இருக்கச் சாலையில் தண்ணீர் தெளித்தார்கள். நமக்குப் பழகிய வெயில்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அகலத் தொப்பி, உட்கார ஒரு விரிப்பு.

சாப்பாட்டு நேரம் கறார். மதியம் 12 முதல் 2, இரவு 7க்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை பொன்ழூர். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுண்டிவிடும். இந்த ஊர் உணவு கசூலே: வெள்ளை அவரைக் கொட்டையும் வாத்துக் கறியும் பன்றித் தொத்திறைச்சியும் மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைத்தது. சாப்பிடுகிறவர்கள் இரவு சாப்பிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்க முடியாது. சைவர்களுக்கு ஆட்டுப்பால் சீஸ் சாலட், காய்கறிப் பீட்சா கிடைக்கும். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் பிளாஸ் கார்னோவில் சந்தை கூடும். பீச், ஆப்ரிகாட், தக்காளி, ரொட்டி வாங்கிவிட்டால் சாலையோர மதியச் சாப்பாடு முடிந்தது.

ஓய்வாக ஒரு காலை கிடைத்தால் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ரயில் நிலையத்துக்கு எதிரேயே ஓடும் கனால் து மிதி கால்வாய்க் கரையில் கிழக்கே த்ரெப் வரை போங்கள். பியேர் போல் ரிக்கே 1666இல் தொடங்கிய கால்வாய் இது. துலூஸிலிருந்து கடலோர ஏரி வரை 240 கிலோமீட்டர். அப்போது கார்கசோன் தன் பங்குப் பணத்தைக் கொடுக்க மறுத்ததால் கால்வாய் ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஊர் வழியாகத் திருப்பினார்கள். த்ரெப் வரை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். மரவேர்கள் தூக்கிய மண்பாதை என்பதால் மெல்லிய டயர் வேண்டாம். கரையோரப் பிளேன் மரங்கள் பூஞ்சை நோயால் பட்டுப்போய் வெட்டப்பட்ட இடங்களில் நிழல் இருக்காது, சீக்கிரம் கிளம்புங்கள். இன்னும் கால்பலம் உள்ளவர்கள் வடக்கே கறுப்பு மலையின் 1,211 மீட்டர் உயர பிக் த நோர் சிகரத்தை முயலலாம். 2018 ஸ்டேஜ் அதன் மேல் ஏறி இறங்கித்தான் கார்கசோன் வந்தது, வென்றவர் மாக்னுஸ் கோர்ட்.

ஸ்டேஜ் முடிந்த மாலையில் ஊரை விட்டுக் கிளம்பத் திட்டமிடாதீர்கள். ஆறு மணி ரயிலுக்கு மொத்த ஊரும் நிலையத்தில் நிற்கும், சைக்கிளோடு வந்தவர்களும் சேர்ந்து நிற்பார்கள். அன்றிரவும் அறையை வைத்துக்கொண்டு மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் போடுங்கள்.